தொடையில் ஒட்டும் வண்ண டேப்

நேயர்களுக்கு வணக்கம். ஓட்டப் பந்தய வீரர்கள் தொடையில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பட்டைகளை ஒட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். "அதை ஒட்டினால் காலுக்கு வலு கூடுமா?" இயன்முறை மருத்துவராகிய என்னிடம் இளம் வீரர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. வலு கூடாது என்றதும் முகம் வாடிவிடுகிறது. ஆகவே காரணத்தையும் சேர்த்தே சொல்வேன்.

ஜப்பானியரான கென்சோ காசே 1970களில் உருவாக்கியது இந்த டேப். இழுபடும் பருத்தித் துணி, அடியில் அலையலையாகப் பசை. மருந்து எதுவும் கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெரி வால்ஷ் தோளில் இதை ஒட்டிக்கொண்டு ஆடியபோது உலகமே கவனித்தது.

தசை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் நோக்கி ஒட்டினால் தசை தூண்டப்படும், எதிர்த்திசையில் ஒட்டினால் தளரும் என்கிறார்கள். இப்போதே உங்கள் முன்தொடையில் கையை வைத்து, முழங்காலை நீட்டிப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்காமல் இறுகித் திரளுகிறதே, அதுதான் நாற்றலைத் தசை. தோலோடு நின்றுவிடும் மெல்லிய துணி அத்தனை பெரிய தசைக்கு எப்படி விசை கூட்டும்?

அளந்தும் பார்த்துவிட்டார்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தொடையை நாற்காலியோடு வாரால் இறுக்கி, முழு பலத்தோடு முழங்காலை நீட்டச் சொல்வார்கள். வேகம் மாறாமல் பார்த்துக்கொண்டே இயந்திரம் விசையைப் பதிவு செய்யும். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். டேப்பைப் பற்றியே அறியாத 30 பேரிடம், தசையை அளக்கும் உணர்கருவி என்று சொல்லி அதை ஒட்டினார்கள். முறையாக ஒட்டியபோதும், பெயருக்கு ஒட்டியபோதும், ஒட்டாதபோதும் தொடையின் விசையில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. வலு கூடியதாகத் தோன்றினால், அதில் எதிர்பார்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அதற்காக டேப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சிலருக்கு வலி சற்றுக் குறைகிறது; ஒட்டிய இடத்தில் ஒரு பிடிமானம் தெரிகிறது. அதுவே ஆபத்தாகவும் முடியலாம். பின்தொடை 'பிடித்துக்கொண்ட' நிலையில் டேப்பை ஒட்டிக்கொண்டு ஓடிய ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். சில நாள் ஓய்வில் ஆறியிருக்க வேண்டிய காயம், தசைக்கிழிசலாகி இரண்டு மாதம் அவரை உட்காரவைத்துவிட்டது. அவரை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

பின்தொடையைக் காக்க நார்டிக் பயிற்சி இருக்கிறது. மண்டியிடுங்கள்; கணுக்கால்களைத் தோழர் ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடலை மெல்ல மெல்ல முன்னால் சாயவிடுங்கள். தாங்க முடியாத கட்டத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் தொடை நன்றாகவே வலிக்கும்; குறைந்த எண்ணிக்கையில் தொடங்குங்கள்.