நெடுந்தீவுக்குப் பெயர் கொடுத்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலர் குறிகட்டுவான் துறையில் படகேறி நெடுந்தீவுக்குப் போய் வந்திருப்பீர்கள். கல்வேலிகளையும் குதிரைக் கூட்டத்தையும் பெருக்க மரத்தையும் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தத் தீவு இன்றைக்கும் டெல்ஃப்ட்தான். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லைடன் ஆனது. ஆம்ஸ்டர்டாம் பழைய வரைபடத்தோடு போய்விட்டது. டெல்ஃப்ட் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயருக்குச் சொந்தக்கார ஊரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

டெல்ஃப்ட் என்ற பெயர், தோண்டுதல் என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. தோண்டிய வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக்குக் கடற்கரையே இல்லாத ஒரு வாய்க்கால் ஊரின் பெயர்! 1246இல் நகர உரிமை பெற்ற அந்த ஊர் பியர் காய்ச்சியும் துணி நெய்தும் பிழைத்தது. 1389இல் அனுமதி வாங்கி, மாஸ் ஆறுவரை ஒரு கால்வாய் வெட்டி, அதன் முனையில் ஒரு துறைமுகத்தையும் கட்டிக்கொண்டது. டெல்ஃப்ஸ்ஹாவன் என்ற அந்தத் துறை இப்போது ரொட்டர்டாம் நகரத்துக்குள் இருக்கிறது.

1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கியபோது அதற்கு ஆறு ஊர்களில் கிளைகள் அமைந்தன. டெல்ஃப்ட் அவற்றில் ஒன்று. வியாபாரத்தில் பாதி ஆம்ஸ்டர்டாமுக்கு, டெல்ஃப்டுக்கு 16இல் ஒரு பங்கு. கம்பனியை ஆண்ட 17 பேர் சபையில் டெல்ஃப்டுக்கு இருந்தது ஒரே ஓர் இடம்தான். சின்னப் பங்குதான், ஆனால் அந்த ஊரைப் புரட்டிப்போட அது போதுமாக இருந்தது.

அடுத்த வருடமே ஒரு சம்பவம். 1603 பெப்ரவரியில், இன்றைய சிங்கப்பூருக்குக் கிழக்கே, ஜொகூர் ஆற்று முகத்துக்கு அருகே, சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் மடக்கிப் பிடித்தார்கள். உள்ளே பட்டும் சீனப் பீங்கானும் நிறைந்திருந்தன. ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டதில், அன்றைய ஒல்லாந்த நாணயமான கில்டரில் 30 லட்சத்துக்கு மேல் கிடைத்தது. கம்பனி தொடங்கத் திரட்டிய மொத்த முதலே சுமார் 64 லட்சம் கில்டர்தான் என்றால், இது எவ்வளவு பெரிய அறுவடை என்று பாருங்கள்.

சரி, அடுத்தவன் கப்பலைப் பிடித்தது கொள்ளைதானே? இந்தக் கேள்வி அவர்களுக்குள்ளேயே எழுந்தது. கம்பனிக்காக வாதாட ஓர் இளம் வழக்கறிஞரைப் பிடித்தார்கள். 1583இல் டெல்ஃப்டில் பிறந்த ஹியூகோ குரோஷியஸ். கடல் யாருக்கும் சொந்தமில்லை, அதில் பயணம் செய்யவும் வியாபாரம் செய்யவும் எல்லோருக்கும் உரிமை உண்டு, அதைத் தடுக்கப் போர்த்துக்கேயருக்கு அதிகாரமில்லை என்று அவர் வாதாடினார். அந்த நீண்ட வாதத்தின் ஒரு பகுதி 1609இல் 'சுதந்திரக் கடல்' என்ற பொருள்படும் லத்தீன் தலைப்போடு அச்சானது. சர்வதேசச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். டெல்ஃப்ட் சந்தைத் திடலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

வாதம் அழகானதுதான். ஆனால் அதே கம்பனி நம் கரைகளுக்கு வந்தபோது என்ன செய்தது? நம் வணிகர்களின் கப்பல்கள் பாய் விரிக்க அதனிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. கறுவா வியாபாரத்தில் வேறு யாரையும் அண்டவிடவில்லை. ஜாதிக்காய்க்காக 1621இல் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் நாடுகடத்தியும் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கியது. கடல் எல்லோருக்கும் பொது என்பது போர்த்துக்கேயரின் முகத்துக்கு நேரே சொல்ல மட்டும் வைத்திருந்த வசனம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்தப் பீங்கான். நாம் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டையே பீங்கான் என்கிறோம். ஐரோப்பாவில் அன்றைக்கு யாருக்கும் அதைச் செய்யத் தெரியாது. 1644இல் சீனாவில் மிங் அரசு சரிந்தது, உள்நாட்டுப் போரில் சரக்கு வருவதும் குறைந்தது. டெல்ஃப்ட் குயவர்களுக்கு அடித்தது யோகம். பியர் தொழில் படுத்துவிட்டதால் வாய்க்கால் ஓரத்தில் பெரிய கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. சூளைகள் அங்கே குடியேறின. மதுச்சாலையின் பழைய பெயரையே சில சூளைகள் வைத்துக்கொண்டன. செய்முறையைச் சொல்கிறேன். சாதாரண மண்ணில் தட்டு வனைந்து ஒருமுறை சுடுவார்கள். வெள்ளீயம் கலந்த பூச்சில் முக்குவார்கள், அது வெள்ளை வெளேரென்று மூடிக்கொள்ளும். அதன்மேல் கோபால்ட் நீலத்தால் சீனத்து மரமும் பறவையும் வரைந்து, மறுபடியும் சுடுவார்கள். உண்மையில் அது பீங்கானே அல்ல, வெள்ளைச் சட்டை போட்ட மண்பாண்டம். ஆனாலும் 'ஒல்லாந்துப் பீங்கான்' என்றே விற்றார்கள். விளையாட்டைப் பாருங்கள், பின்னால் சீனாவிலும் ஜப்பானிலும் இருந்த குயவர்கள் ஐரோப்பியருக்கு விற்பதற்காக டெல்ஃப்ட் பாணியைப் பார்த்துச் செய்தார்கள். நகலுக்கு நகல்.

இந்த நீலத் தட்டுக் காலத்தில்தான் 1654 அக்டோபர் 12ஆம் தேதி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரின் ஒரு மூலை அழிந்தது. கரேல் ஃபப்ரீஷியஸ் என்ற அருமையான ஓவியர் அதில் செத்துப்போனார்.

எனக்குப் பிடித்த டெல்ஃப்ட் கதை மிளகுக் கதைதான். 1632இல், சில நாள் இடைவெளியில், அந்த ஊரில் இரண்டு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஒருவர் ஓவியர் வெர்மீர். மற்றவர் அன்டனி வான் லேவன்ஹூக், துணி வியாபாரி. பெரிய படிப்பில்லை, லத்தீன் தெரியாது. ஆனால் சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளைத் தானே தேய்த்து, 200 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும் கருவிகளைச் செய்தார். மிளகு ஏன் நாக்கில் உறைக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். மிளகில் கண்ணுக்குத் தெரியாத முள் இருந்து நாக்கைக் குத்துகிறதோ என்று நினைத்தார். முழு மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் விட்டுவைத்தார். நீர் வற்ற வற்ற மேலும் ஊற்றினார். 1676 ஏப்ரலில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தால், முள்ளைக் காணோம். எண்ணி முடியாத உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. நூறு உயிர்களை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு பருமணல் துகளின் நீளம் வராது என்று அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதினார். அங்கே யாரும் எளிதில் நம்பவில்லை. அடுத்த வருடம் அந்தச் சங்கத்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தானே மிளகுநீர் ஊறவைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். பாக்டீரியாவை மனிதன் முதலில் பார்த்தது ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போன மிளகின் தயவில். நமக்கு அது ரசம், அவருக்கு ஆராய்ச்சி!

1675இல் கடனோடு இறந்துபோன வெர்மீரின் சொத்துக் கணக்கை நிர்வகிக்க நகரசபை லேவன்ஹூக்கை நியமித்ததும் அதே 1676இல்தான். இருவரும் நண்பர்களா என்பதற்கு ஒரு காகிதமும் கிடைக்கவில்லை. இருவரையும் புதைத்தது ஒரே தேவாலயத்தில்.

கம்பனி 1799இல் முடிந்துபோனாலும் கீழைத்தேச உறவு முடியவில்லை. 1842இல் டெல்ஃப்டில் ஓர் அரச கல்லூரி தொடங்கினார்கள். பொறியியலாளர்களோடு, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் போய் ஆளவிருந்த அதிகாரிகளையும் அங்கே பயிற்றினார்கள். இன்றைய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். அந்தப் பயிற்சிக்காகச் சேர்த்த பொருள்கள் பிறகு நுசாந்தரா என்ற அருங்காட்சியகமாக வளர்ந்தன. 2013இல் அதை மூடினார்கள். சுமார் 1,500 பொருள்கள் இந்தோனேசியாவுக்குத் திரும்பிப் போயின.

அந்தப் பக்கம் போகக் கிடைத்தால், பழைய டெல்ஃப்ட் வாய்க்கால் ஓரமாக நடந்து 39ஆம் இலக்கக் கட்டடத்தைப் பாருங்கள். கம்பனியின் டெல்ஃப்ட் கிளை இயங்கியது அங்கேதான். அலுவலகத்துக்கு நம் வாயில் இன்றும் புழங்கும் கந்தோர் என்ற ஒல்லாந்தச் சொல்லை உள்ளே இருந்தவர்கள் தினமும் சொல்லியிருப்பார்கள்.

நன்றி. வணக்கம்.