கடிதம் கேட்காத கல்லூரி

(தெற்கு லண்டனில் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அங்கே கட்டணம் இல்லை, சோதனை இல்லை, ஓ.எல். தேறியிருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. மனம் உடைந்து மீண்டு வருகிறவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள், மருத்துவமனையில் வேலை செய்யும் தாதிமார், டாக்டர்மார் எல்லோரும் ஒரே வகுப்பில் மாணவர்களாக உட்காருகிற இடம் அது. ரிக்கவரி காலேஜ் என்கிறார்கள். மீட்சிக் கல்லூரி என்று நாம் வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் முதல் முயற்சி 2009இல் நடந்தது நம் தென்மேற்கு லண்டனில்தான். டூட்டிங்கில் ஸ்பிரிங்ஃபீல்ட் மனநல மருத்துவமனையை நடத்துகிற அதே என்.எச்.எஸ். (அரசாங்க மருத்துவச் சேவை) அமைப்புதான் இதையும் தொடங்கியது. நம் சனம் மரக்கறி வாங்குகிற கடைத்தெருவுக்குப் பக்கத்து மருத்துவமனை.

2009 என்றால் நமக்கு நினைவு வருவது வேறு. அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் நம்மில் பலர் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றோம். அப்புறம் வீட்டுக்குப் போனோம், அடுத்த நாள் வேலைக்கும் போனோம். நித்திரை வருகிறதா என்று நாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், போனால் தலையிடி என்கிறோம், நெஞ்சு படபடக்கிறது என்கிறோம். ஆங்கிலம் போதாது என்று பள்ளிக்கூடம் போகிற மகளைக் கூட்டிப்போனால், அவளை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல முடியும்? 'இரத்த அழுத்தம் பாருங்கோ' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறோம்.

அதனால்தான் இந்தக் கல்லூரி டாக்டரின் கடிதம் கேட்காதது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். பெரும்பாலான இடங்களில் நீங்களாகவே பதிவு செய்யலாம். அந்தப் பகுதியில் வசிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை சில இடங்களில் உண்டு, கேட்டுப் பார்த்தால் சொல்லிவிடுவார்கள். எனக்கு இந்த வியாதி இருக்கிறது என்று அறிவித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதில்லை. நித்திரையைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அக்கம்பக்கத்தார் கேட்டாலும் அதையே சொல்லலாம். அது உண்மையும்தான்.

இந்த எண்ணத்துக்கு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் அந்தோணி 1993இல் எழுதியதன் சாரம் இது: நோயின் அறிகுறிகள் முழுதாகப் போகாவிட்டாலும், மனிதர் நிறைவோடும் நம்பிக்கையோடும் பிறருக்குப் பயன்பட்டும் வாழ முடியும், அதுவே மீட்சி. பாஸ்டனிலும் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிலும் இதைப் பாடமாக நடத்திப் பார்த்தார்கள். அதை இங்கே கொண்டுவந்தவர்களில் ஒருவர் ரேச்சல் பெர்கின்ஸ். மருத்துவ உளவியலாளர், தனக்கே இருமுனை மனநோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். 28 நாடுகளில் 221 இப்படியான கல்லூரிகள் இருப்பதாக 2023இல் வந்த ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பு சொன்னது.

வகுப்பு எப்படி நடக்கும்? நித்திரை வகுப்பையே எடுப்போம். கதிரைகள் வட்டமாகப் போட்டிருக்கும். எல்லோர் சட்டையிலும் முதற்பெயர் மட்டும் எழுதிய ஒட்டுத்தாள். யார் டாக்டர், யார் வார்டில் இருந்து வந்தவர் என்று பார்த்தவுடன் பிடிபடாது. பாடம் நடத்துவது இரண்டு பேர். ஒருவர் மனநலத் தாதி. மற்றவர் தானே மாதக்கணக்கில் நித்திரை கெட்டு மருத்துவமனையில் கிடந்து எழும்பியவர். நித்திரை வராமல் புரண்டுகொண்டே கிடக்காதீர்கள், எழும்பி வேறு அறையில் போய் இருங்கள் என்று தாதி பாடத்தில் உள்ளதைச் சொல்வார். ஒருவர் கை தூக்குவார்: "நாங்கள் நாலு பேர் இருப்பதே ஒரு அறையில். எங்கே போக?" பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் கிடையாது. பக்கத்தில் இருக்கிற மற்ற ஆசிரியர் சொல்வார்: "நான் படிக்கட்டில் போய் இருந்தேன். போனை அறைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போவேன்."

இந்தக் கல்லூரியின் முழு உயிரும் எனக்கு அந்தப் பதிலில்தான் தெரிகிறது. தாதியின் படிப்பும் வேண்டும், அந்தப் படிக்கட்டும் வேண்டும். பாடத்தை எழுதும்போதே இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது இங்கே அடிப்படை விதி.

இன்னொரு பாடம், தன் நலத்துக்குத் தானே திட்டம் எழுதுவது. மனநோயை அனுபவித்தவர்களே கூடி 1997இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உருவாக்கிய முறை. முன்னின்றவர் மேரி எலன் கோப்லண்ட். நலமாக இருக்கிற நாளிலேயே இருந்து எழுத வேண்டும். நான் நன்றாக இருக்கும்போது தினம் என்னென்ன செய்கிறேன்? எது என்னைக் குலைக்கும்? மே மாதம் என்று எழுதுகிறவர் நம்மில் இருப்பார். சறுக்கத் தொடங்கினால் முதல் அடையாளம் என்ன? காலையில் சாமி விளக்கு ஏற்றாமல் விடுவது, தலை வாராமல் இருப்பது, அக்காவின் வாட்ஸ்அப் செய்திக்கு இரண்டு நாளாகப் பதில் போடாதது. முற்றிப்போனால் யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து யார் கூட்டிவருவது, எந்த மருந்து எனக்கு ஒத்துவரவில்லை. இவ்வளவும் ஒரு கொப்பியில் இருந்தால், இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்காரரும் பிள்ளைகளும் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். கணவனையோ மகனையோ வருடக்கணக்காகத் தனியே தாங்குகிற அம்மாமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். உங்களுக்கும் அங்கே கதிரை உண்டு.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள மீட்சிக் கல்லூரியின் மாணவர்களைப் பற்றி 2018இல் வந்த ஆய்வு, வகுப்புக்குப் பிறகு அவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்ததாகக் காட்டியது. வகுப்பால் மட்டும்தான் குறைந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே தேறி வந்தவர்கள்தான் வகுப்பை முடித்தார்களோ என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் நல்ல அறிகுறி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்பு மருந்துக்கு மாற்று இல்லை. டாக்டரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் வகுப்பு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள், மனநல உதவிக்குப் போகும். உயிருக்கே ஆபத்து என்றால் 999. யாரோடாவது கதைக்க வேண்டும் போலிருந்தால், மனக்கஷ்டத்தைக் கேட்கிற சமாரிட்டன்ஸ் தொலைபேசிச் சேவை 116 123, எந்த நேரமும். அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது: இலவச வகுப்பு இருக்கிறதே என்று காட்டி சிகிச்சைக்கான வரிசையை நீட்டிக்கொண்டே போக முடியாது. நமக்கு இரண்டும் வேண்டும்.

சரி, வகுப்புகள் ஆங்கிலத்தில்தானே என்று யோசிக்கிறீர்கள். உண்மை, அது பெரிய தடை. மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. அனுபவித்தவரும் சேர்ந்துதான் பாடம் எழுத வேண்டும் என்பது அவர்களுடைய விதி. காணாமல் போன பிள்ளைக்காகக் காத்திருக்கிற தாயின் துக்கத்தைப் பற்றி, அகதி விண்ணப்ப முடிவுக்காக வருடக்கணக்காக இருந்தவரின் பதற்றத்தைப் பற்றிப் பாடம் எழுத நம்மைவிட யாருக்குத் தெரியும்? அந்த மேசையில் நமக்கும் இடம் இருக்கிறது. நாம் போய் உட்கார்ந்து, தமிழில் ஒரு வகுப்பு வேண்டும், பாதியை நாங்கள் எழுதித் தருகிறோம் என்று சொல்வோம்.

பின்னால் மேசையில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, அடுத்த தவணை வகுப்புகளில் சேர விரும்புகிறவர்களுக்கு. பதிவு செய்ய நான் உதவுகிறேன். மற்றது, தமிழ் வகுப்பை எழுதச் சேருகிறவர்களுக்கு. அதில் முழுப் பெயர் வேண்டாம், முதற்பெயரும் போன் நம்பரும் போதும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து எழுதுங்கள், நான் மண்டபம் பூட்டும் வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.