மூன்று போஜன், ஒரு பேரேடு

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 22 வருடம் இலைக் கணக்கு எழுதியவன் நான். இன்று பச்சைத் தேயிலை எடை போட்டுவிட்டு வந்து வானொலியைத் திருப்பியிருப்பவர்கள், கையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் ஓர் உறுப்பினர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறவர்கள் நாம். அதனால் ஒரே ஹட்டியில், அதாவது ஒரே ஊரில், மூன்று போஜன். அப்பா பெயரையும் சேர்த்து எழுதலாமே என்பீர்கள். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் பெள்ளிதான்! நான் வேலைக்குச் சேர்ந்தபோது பேரேட்டில் பெயர் மட்டும்தான். ஒரு மாதம் மேட்டு வீட்டு போஜன் போட்ட 180 கிலோ இலையைப் பள்ளத்து வீட்டு போஜன் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். பணம் கொடுக்கிற நாளில் மேட்டு வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. ஜன்னல் ஓரமாக நின்று, "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். மாலை வரை நின்றார். அன்றிலிருந்து எனக்கு இந்த எண் விஷயம் விளையாட்டில்லை.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அட்டவணையில் எத்தனையாவது வரியோ அதையே உறுப்பினர் எண்ணாக வைத்தார்கள். யாரோ அகர வரிசையில் அடுக்கினார்கள், 17-ஆம் வரியில் இருந்தவர் 60-க்குப் போய்விட்டார். வரி எண் பஸ் சீட் மாதிரி, இறங்கினால் கூட வராது. ஆளோடு வருகிற எண்தான் வேண்டும்.

எண்ணுக்குள் ஊரையும் நிலத்தின் அளவையும் நுழைத்தும் பார்த்தோம். பிள்ளைகள் பாகம் பிரித்ததும் எண் பொய்யானது. ஆதாரைப் பாருங்கள், 12 இலக்கம். ஊரும் இல்லை, வயதும் இல்லை. கடைசி இலக்கம் மட்டும் முந்தைய 11-ஐ வைத்துக் கணக்கிட்டது. நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். கை விறைக்கிற குளிரில் சீட்டு எழுதுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று, இறந்தவர் எண்ணைப் புதியவருக்குக் கொடுக்கவே கூடாது. பழைய பாக்கியும் அவர் தலையில் ஏறும். திரும்பவும் சொல்கிறேன், கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சிக்னல் இல்லாத இரண்டு கொள்முதல் கொட்டகைகள் ஒரே நாளில் 214-ஐ இரண்டு பேருக்குக் கொடுத்தால் என்ன செய்வது? எண்ணுக்கு முன்னால் கொட்டகைக்கு ஓர் எழுத்து போடலாம். அது எண்ணைக் கொடுத்த இடத்தைச் சொல்லும், ஆள் வீடு மாறினாலும் மாறாது. இல்லையென்றால் யூயூஐடி என்று ஒன்று உண்டு, கம்ப்யூட்டரே போட்டுத் தரும் நீளமான அடையாள எண். 128 பிட், அதாவது பூஜ்யமோ ஒன்றோ 128 இடங்களில் இருக்கும், அதில் ஒரு வகையில் 122 பிட் குருட்டாம்போக்கில் எடுத்தவை. ஒருவரையொருவர் கேட்காமலே எண் போடலாம், மோதுவது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் அதை எழுதினால் 32 எழுத்து வரும், போனில் யார் படிப்பது? அது அட்டவணைக்குள்ளேயே இருக்கட்டும், சீட்டில் சின்ன எண் போதும். உங்கள் சீட்டில் எண் இல்லையென்றால் நாளைக் காலையே கேட்டு எழுதி வாங்குங்கள். வணக்கம்.