டப்பாவின் பின்பக்கம்

வணக்கம் நேயர்களே. முகச்சுருக்கத்துக்கான கிரீம் வீட்டில் இருந்தால், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது விளம்பரம். உள்ளே என்ன சரக்கு என்பது பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.

அந்தப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த எல்லை எங்கே என்று எப்படித் தெரியும்? ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். கிரீம் கெடாமலிருக்கச் சேர்ப்பது அது. வழக்கமாக 1 சதவீதத்தைத் தாண்டாது. அதற்குப் பின்னால் வருபவை அநேகமாக 1 சதவீதத்துக்குள்தான்.

இதனால் என்ன லாபம்? நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3-இன் ஒரு வகை, பலன் தர 2 முதல் 5 சதவீதம் வேண்டும். ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் அது ஒட்டிக்கொண்டிருந்தால், பெயருக்குச் சேர்த்தது. ஆனால் வைட்டமின் ஏ-வின் ஒரு வகையான ரெட்டினால் அங்கே இருந்தால் குறை சொல்லாதீர்கள். அது 0.3 சதவீதத்திலேயே வேலை செய்யும்.

ரெட்டினால் தோலுக்குள் ரெட்டினால்டிஹைடாகி, பிறகு ரெட்டினாயிக் அமிலமாகிறது. தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைத் தூண்டுவது அந்த அமிலம்தான். இரண்டு படி ஏறி வருவதால், மருத்துவர் எழுதித்தரும் ட்ரெட்டினாயினைவிட, அதாவது நேரடியாக அந்த அமிலமாகவே வரும் மருந்தைவிட, இது மெதுவானது. 3 மாதமாவது பொறுக்க வேண்டும். பலருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே தினமும் பூசுகிறார்கள். முகம் சிவந்து, தோல் உரிந்து, எரிகிறது. டப்பா குப்பைக்குப் போகிறது. வாரத்துக்கு 2 ராத்திரி போதும். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்தபின், முகம் முழுவதுக்கும் ஒரு பட்டாணி அளவு. மேலே மாய்ஸ்சரைசர். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாலைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, வெளிச்சமும் காற்றும் ரெட்டினாலைக் கெடுக்கும். அகன்ற வாய் டப்பாவில் விரலை விட்டு எடுக்கும் கிரீமைவிட, வெளிச்சம் புகாத டியூபோ பம்போ மேல்.

வைட்டமின் சி-யும் இப்படித்தான். பட்டியலில் அதன் பெயர் அஸ்கார்பிக் அமிலம்; 10 முதல் 20 சதவீதம் நல்லது. ஆனால் சீரம் பழுப்பாகிவிட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது என்று பொருள்.

நேரம் முடியப் போகிறது. ஹயலூரோனிக் அமிலம் நீரைப் பிடித்துவைப்பதால் சுருக்கம் சில மணி நேரம் குறைந்ததுபோல் தெரியும், அவ்வளவே. சன்ஸ்கிரீன் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வெயில் தோலைச் சுடாமல் காக்கும் அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையாமல், வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிரையும் தடுப்பதாக வாங்குங்கள். அந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். நன்றி, வணக்கம்.