பெயருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் புட்டி

(குளச்சலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

மேசைமேல் ஒரு வாளி இருக்கிறது. உள்ளே கடல் தண்ணீர், அதில் நாலு உருண்டை. காலையில் சின்னமுட்டம் துறைமுகத்தில் ஒரு தம்பி பழைய கயிற்றிலிருந்து பிய்த்துத் தந்தவை. "இத வச்சு என்ன செய்யப்போறிய சார்? நாங்க இத சுரண்டி எறியதுக்குல்லா கூலி கொடுக்கோம்" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. படகின் அடியிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு கனம் கூட்டுவதுதான் மீனவர் பார்வையில் இதன் வேலை.

முன்வரிசையில் யாராவது ஒருவர் வந்து இதை லேசாக அமுக்குங்கள். பார்த்தீர்களா, சட்டை நனைந்துவிட்டது. இதற்கு இரண்டு துளை. ஒன்றில் தண்ணீர் உள்ளே போகும், வடிகட்டித் தின்றபின் மற்றதில் வெளியே வரும். அமுக்கினால் இரண்டிலும் பீச்சும். அதனால் நான் இதைக் கடல்பீச்சான் என்று சொல்லிப் பழகிவிட்டேன். விலங்கியல் படித்தவர்களுக்கு அசிடியன். உலகில் ஏறத்தாழ 3,000 வகை உண்டு. இந்த நாலு உருண்டையும் அதில் எது, அதை யார், எதை வைத்து முடிவு செய்வது, அவ்வளவுதான் இன்றைய பேச்சு.

பெயர்க் குழப்பம் நமக்குப் புதிதில்லை. நாம் சாளை என்பதைச் சென்னையில் மத்தி என்பார்கள். நம் அயிலை அங்கே கானாங்கெளுத்தி, நம் நெய்மீன் அங்கே வஞ்சிரம். கல்யாண வீட்டில் இதை வைத்துச் சண்டையே நடந்திருக்கிறது. மீன் ஒன்றுதான் என்று தீர்த்துவைக்க அறிவியல் பெயர் உதவும். அயிலைக்கு ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா என்று பெயர். கனகுர்த்தா லத்தீன் இல்லை, தெலுங்கு மீனவர் வாயில் இருந்த சொல். கரையில் புழங்கிய பேச்சு அப்படியே உலகப் பெயராகிவிட்டது.

அந்தப் பெயரை முழுதாக எழுதினால் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'கூவியே, 1816' என்று வரும். அடைப்புக்குறி அலங்காரத்துக்கு வந்ததில்லை. 1816-இல் கூவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் பெயர் வைத்தபோது இந்த மீனை வேறு பேரினத்தில், அதாவது பெயரின் முதல் சொல் குறிக்கும் குழுவில், சேர்த்திருந்தார், பிற்பாடு வந்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்று அது சொல்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் பிறந்த வீட்டைச் சொல்லி அடையாளம் காட்டுவோம் இல்லையா, அந்த மாதிரி. அடைப்புக்குறி இல்லாவிட்டால் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, கடல்பீச்சானுக்கு வருவோம். இதன் பெரிய குடும்பம் எது? ஈரறிவு உயிர்களாக நந்தையும் முரளையும், அதாவது நத்தையையும் சிப்பியையும், தொல்காப்பியம் சேர்த்து வைத்தது. இந்த இரட்டைச் சொல் பெயர்முறையை நிலைநிறுத்திய லின்னேயஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் கடல்பீச்சானைக் கிட்டத்தட்ட அந்தக் கூட்டத்தில்தான் வைத்தார்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருப்பதை வேறு எங்கே வைப்பது? 1866-இல் கோவலெவ்ஸ்கி என்ற ரஷ்யர் இதன் குஞ்சைப் பார்த்தார். தலைப்பிரட்டை மாதிரி வால், வாலுக்குள் முதுகுநாண், மேலே நரம்புக்குழல், ஒளியை அறிய ஒரு கண்பொட்டு, மேல்கீழ் தெரிய ஒரு சிறு மணி. நம் முதுகெலும்புக்கு முன்னோடியான அந்த நாண் இதற்கு இருக்கிறது! அதோடு சிப்பிக் கூட்டத்திலிருந்து எடுத்து நம் கூட்டத்தில் போட வேண்டியதாயிற்று. 2006-இல் வந்த மரபணு ஒப்பீடு இன்னும் ஒரு படி மேலே போய், முதுகெலும்புள்ள உயிர்களுக்கு இன்று வாழ்பவற்றில் மிக நெருங்கிய சொந்தம் இந்தக் கூட்டம்தான் என்றது.

குஞ்சு கொஞ்ச நேரம்தான் நீந்தும். பிறகு தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு வாலைத் தானே கரைத்துவிடும். நாணும் போகும், கண்பொட்டும் போகும். வயது ஏற ஏற அறிவு குறைகிற உயிர். ஈரறிவா மூவறிவா என்று எந்த வயதில் வைத்துக் கணக்குப் போடுவது? (சிரிப்பு.) வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான், எனக்கு அது புரிகிறது.

இனி உள்ளே. வெளித் தோலை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லக்கூடாது. அதன்மேல் பாசியும் மண்ணும் சிப்பிக் குஞ்சும் ஏறியிருக்கும், நிறமும் மாறும். அந்தத் தோலே ஒரு விசேஷம். மரத்தில் இருக்கிற செல்லுலோஸ் வகைப் பொருளை விலங்குகளில் இந்தக் கூட்டம் மட்டும்தான் தானே செய்துகொள்கிறது. முதலில் மென்தால் போட்ட கடல் தண்ணீரில் சில மணி நேரம் மயங்க விட வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கி ஒன்றும் தெரியாது. அப்புறம் கெடாமல் இருக்க ஃபார்மலின். பிறகு தோலைக் கத்தரித்து, உள்ளே சல்லடை மாதிரி இருக்கும் செவுள் பையை விரித்துப் பார்க்க வேண்டும்.

பையில் மடிப்பே இல்லை, பை நெடுக ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன என்றால் ஒரு வரிசை. நம் துறைமுகங்களில் வழவழப்பாகக் கன்னங்கரேலென்று இருக்கும் ஃபலூசியா நைக்ரா அதில் சேரும். பக்கத்துக்கு நாலு மடிப்புக்கு மேல் போகாமல், வாய்த் துளைக்குள் இருக்கும் உணர்கொம்புகள் கிளை விடாமல் நேராக இருந்தால் ஸ்டையலிடே குடும்பம். மடிப்பு நாலைத் தாண்டி, கொம்பு மரம்போல் கிளைத்திருந்தால் பையூரிடே. செவுள் பையை வைத்து இந்தப் பெரும் பிரிவுகளை 1880-களில் வகுத்தவர் லாஹீய் என்ற பிரெஞ்சுக்காரர்.

அவரே 1888-இல் ஒரு பேரினத்துக்கு ஹெர்ட்மேனியா என்று பெயர் வைத்தார். இங்கே பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. எஸ்.எம். தாஸ் 1936-இல் எழுதிய விளக்க நூலுக்குப் பிறகு நம் நாட்டுக் கல்லூரிகளில் கடல்பீச்சான் என்றால் ஹெர்ட்மேனியாதான் என்றாகிவிட்டது. உருளைக்கிழங்கு அளவு இருக்கும். உடல் சுவரில் ஊசி ஊசியாகச் சுண்ணாம்பு முட்கள், அறுக்கும்போது விரலில் ஏறும். பெயருக்குரிய ஹெர்ட்மன் லிவர்பூல் பேராசிரியர். முத்துச்சிப்பி விளைச்சலைப் பார்க்க 1902-இல் இலங்கைப் பக்கம் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். அவர் வருவதற்குப் பல வருடம் முன்பே அவர் பெயரைத் தாங்கிய உயிர் இந்தக் கடலில் உட்கார்ந்திருந்தது.

ஹெர்ட்மேனியாவில் ஒரு இனத்துக்கு மோமஸ் என்ற பெயரை 1816-இல் வைத்தவர் சவின்யீ, நெப்போலியனோடு எகிப்து போன விலங்கியலாளர். மோமஸ் கிரேக்கர்களின் கேலிக் கடவுள். சவின்யீ இதைச் சேர்த்த பேரினத்தின் பெயர் சிந்தியா. அந்தப் பெயரோ 1807-லேயே பட்டாம்பூச்சிக்குப் போயிருந்தது. விலங்குலகில் ஒரு பேரினப் பெயர் இரண்டு பேருக்குக் கிடையாது, முந்தினவருக்குத்தான். சிந்தியா போயிற்று, மோமஸ் மட்டும் கைமாறி ஹெர்ட்மேனியாவுக்கு வந்தது. ஊசி வேலைப்பாடு மாதிரி நுணுக்கமாகப் படம் போட்ட அந்த மனிதர், பிறகு கண்நோயால் கடைசிப் பல வருடங்களை இருட்டறையில் கழித்தார். இந்த வேலையில் கண்ணுக்கு என்ன விலை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

நூறு வருடத்துக்கும் மேலாகச் செங்கடல் முதல் ஆஸ்திரேலியா வரை எங்கே எடுத்தாலும் பலர் மோமஸ் என்றே எழுதிவந்தார்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவில் பட்ரிஷியா காட் என்ற அம்மையாரும், தனியாக ஜப்பானில் ஓர் ஆய்வாளரும் மாதிரிகள் அடைத்து வைத்த பழைய புட்டிகளை எடுத்து மறுபடி பார்த்து, ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பிரித்தார்கள். கவனியுங்கள், பிரிக்க முடிந்தது புட்டி இருந்ததால். புதுப் பெயர் வைப்பவர் ஒரு மாதிரியை 'இதுதான்' என்று குறித்துப் பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். எத்தனை வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் அந்தப் புட்டிதான் சாட்சி சொல்லும்.

என் கதையைச் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது முட்டம் பாறையில் ஒன்று எடுத்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத மாதிரி தெரிந்தது. புது இனம் என்றே முடிவு கட்டி, என் ஆசிரியர் பெயரை லத்தீன் விகுதியோடு நோட்டில் எழுதிக்கூடப் பார்த்துவிட்டேன். வரைபடங்களை வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: மாதிரியை அனுப்பு. அலமாரியைத் திறந்தால் புட்டி மூடியில் விரிசல், ஃபார்மலின் ஆவியாகி, உள்ளே பழைய செருப்புத் தோல் மாதிரி ஒன்று. அன்று அழுதேன். அடுத்த பருவத்தில் அதே பாறையில் மறுபடி எடுத்து, இந்த முறை துளையின் உள்தோலை உருப்பெருக்கியில் வைத்தேன். கூரான நீள முட்கள். மைக்ரோகாஸ்மஸ் எக்ஸாஸ்பெராட்டஸ். 1878-லேயே ஹெல்லர் பெயர் வைத்தாயிற்று. இதன் நெருங்கிய சொந்தமான ஸ்குவாமிகருக்கு அந்த முள் குட்டையாக, நகம் மாதிரி இருக்கும். நான் முட்களைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்திருந்தேன். புட்டி காய்ந்ததே நல்லது என்று இப்போது தோன்றுகிறது, அச்சில் வந்திருந்தால் அந்தத் தப்பு இன்னும் என் பெயரோடு உட்கார்ந்திருக்கும்.

பெரியவர்களுக்கும் இது நடக்கும். நம் பாறைகளில் எடுக்கிற பழுப்புச் சிப்பிக்கு 1976-இல் பெர்னா இண்டிகா என்று தனிப் பெயர் வந்தது. நம் கடலுக்கே உரிய இனம் என்று நாமும் பெருமைப்பட்டோம். பிறகு மரபணுவை ஒப்பிட்டபோது, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா கரைகளில் இருக்கும் பெர்னா பெர்னாவேதான் அது என்று தெரிந்தது. பெயர் போனதில் வருத்தம்தான், சிப்பிக் கறியின் ருசி அப்படியே இருக்கிறது.

மரபணு பார்த்தால் தப்பே வராது என்றும் எண்ண வேண்டாம். 2002-இல் சியோனா இன்டஸ்டினாலிஸ் என்ற கடல்பீச்சானின் முழு மரபுத்தொகுதியை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 16,000 மரபணுக்கள். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கான கட்டுரை எழுதின. அந்தப் பெயருக்குள் இரண்டு இனம் இருப்பது மெல்லத் தெரியவந்தது. 2015-இல் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொன்னார்கள்: மரபுத்தொகுதி எடுக்கப்பட்டது சியோனா ரோபஸ்டா. 1967-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டு, பிறகு தேவையில்லை என்று ஒதுக்கப்பட்ட பெயர் அது. எழுத்தெழுத்தாக மரபணுவைப் படித்த பிறகும், அது யாருடையது என்று சொல்லத் தோல்மேல் இருக்கும் புடைப்புகளையும் பார்க்க வேண்டியிருந்தது.

பின்னால் ஒருவர் கை தூக்குகிறார். ம்? தின்னலாமா என்கிறார். குளச்சலில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். கொரியாவிலும் ஜப்பானிலும் இதன் சொந்தக்காரன் ஒன்றை வளர்த்தே தின்கிறார்கள், சிலியிலும் ஒன்றைத் தின்கிறார்கள். துறைமுகத் தண்ணீரில் டீசலையும் வடிகட்டிக் குடித்த இந்த நாலையும் நான் தரமாட்டேன்.

சரி. ஒன்றைக் காலையிலேயே மென்தாலில் போட்டு ஃபார்மலினுக்கு மாற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். தட்டு இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது. தம்பி, அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வாருங்கள். செவுள் பையின் மடிப்புகளை நான் வலப்பக்கம் எண்ணுகிறேன், பிள்ளைகள் இடப்பக்கம் எண்ணட்டும். நாலுக்கு மேல் போகிறதா, பார்ப்போம்.