மீன் மேல் போட்ட பழி

(கேரளத்தின் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில் பெண்கள் கூட்டமொன்றில் பேசியது)

அக்காமார்களே, தங்கச்சிகளே, வணக்கம்.

நான் மேடையேறும்போது முன்வரிசையில் யாரோ, ‘டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டது காதில் விழுந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. டை அடிப்பதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

நிறுத்திய கதை பெருமைப்படும்படி இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் புது டை ஒன்றை வாங்கி அடித்தேன். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லி அட்டையிலேயே போட்டிருக்கும். முகூர்த்தம் காத்திருக்குமா? மறுநாள் விடிந்தால் நெற்றி பணியாரமாக வீங்கி, கண் திறக்கவில்லை. ‘தலைக்கு ஏதாவது போட்டீங்களா?’ என்றார் டாக்டர். பக்கத்தில் சம்பந்தியம்மா. ‘இல்லைங்க, நேத்து மீன்கறி சாப்பிட்டேன்’ என்றேன். டையில் இருக்கும் பாரா ஃபீனைலின் டயமின் சிலருக்கு இப்படி ஒவ்வாமை தரும். 60 வயதில் நரை இருக்கிறது என்று சொல்லக் கூசி, பாவம், மீன் மேல் பழி போட்டேன்.

இந்தக் கூச்சம்தான் எனக்குப் பயம். நம் மலப்புறம் ஜில்லா கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேர் அங்குள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயிலேயே அபூர்வமான ரகம். விசாரித்தால், அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் பூசியவர்கள்! இந்த மாதிரி க்ரீமில் கலக்கும் பாதரசம் தோலில் கறுப்பு நிறமி உண்டாவதைத் தடுக்கும். தோலோடு நின்றால் பரவாயில்லையே, ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வரை போகிறது. 2023-லேயே கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆப்பரேஷன் சௌந்தர்யா’ என்று கடை கடையாகச் சோதனை போட்டது. கேட்கும்போது மறைத்தால் டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

அழகாக இருக்க ஆசைப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இன்று காலை நானே இரண்டு புடவை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஔவை பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்று கதை சொல்வார்கள். எனக்கு அந்தத் துணிச்சலெல்லாம் கிடையாது. தானாக வந்ததை விரட்டவில்லை, அவ்வளவே.

சரி, டீ வந்துவிட்டது. யார் பையிலாவது க்ரீம் டப்பா இருந்தால் எடுங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா என்று பார்ப்போம். பொடி எழுத்தாக இருந்தால் என் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தருகிறேன்.