ஹலோ சொல்லாத டப்பா

நடுவர் ஐயாவுக்கும் இரண்டு அணியினருக்கும், பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு மும்பையின் தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். வணக்கம் இவ்வளவு போதும். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். எதிரணித் தங்கைக்குப் பதில் சொல்லவே எட்டு நிமிடம் போய்விடும்.

தலைப்பு என்ன? கையில் வைத்து விளையாட ஏற்றது விளையாட்டுக்கென்றே செய்த கருவியா, கைபேசியா? எங்கள் கட்சி கருவி, தங்கையின் கட்சி கைபேசி. அதற்கு அவர் என்ன சொன்னார்? "எதிரே இருக்கும் அண்ணன்மார் நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கச் சொல்கிறார்கள். அதில் அம்மாவுக்கு ஒரு ஹலோ சொல்ல முடியுமா?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல வரியை யார் சொன்னாலும் தட்டத்தான் வேண்டும்.

ஹலோ சொல்லாத டப்பா. சரி அம்மா, ஹலோ சொல்லும் விளையாட்டு டப்பா ஒன்றும் வந்தது, தெரியுமா? 2003 அக்டோபரில் நோக்கியா விட்டது. பெயர் என்-கேஜ், விலை 299 டாலர். விளையாட்டுக் கருவி செய்யும் ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோவின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோம் என்று இறங்கினார்கள். விளையாட்டும் அதில்தான், போனும் அதில்தான். தங்கை கேட்ட சாமான் அப்படியே கிடைத்துவிட்டது.

அதில் ஹலோ எப்படிச் சொல்ல வேண்டும்? நடுவர் ஐயா, உங்கள் குறிப்பு அட்டையைக் கொஞ்சம் கொடுங்கள். மார்க் பார்க்க மாட்டேன், பயப்படாதீர்கள். எல்லா போனையும் இப்படிக் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பேசுவோம் இல்லையா? இது அப்படி இல்லை. பேசுகிற இடமும் கேட்கிற இடமும் விளிம்பில் இருந்தன. அதனால் இப்படி, விளிம்பைக் காதில் வைத்து, மீதிப் போன் முகத்துக்குப் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பின் வரிசைக்குத் தெரிகிறதா? இன்னொரு முறை காட்டுகிறேன். இப்படி. இதோடு கல்யாண் ஃபாஸ்ட் ரயிலில் ஏறி, கூட்டத்துக்கு நடுவில் "ஹலோ அம்மா, முலுண்ட் தாண்டிட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஸ்டேஷனில் உங்கள் ஹலோ வேறு யாரோ ஒருவருடைய மூக்குக்குள் இருக்கும்.

இருங்கள், இன்னும் முடியவில்லை. ஒரு கேமை எடுத்துவிட்டு இன்னொரு கேம் போட வேண்டும். எங்கே போடுவது? பேட்டரிக்குக் கீழே. பின் மூடியைத் திற, பேட்டரியைக் கழற்று, கேம் அட்டையை மாற்று, பேட்டரியை மாட்டு, மறுபடி ஆன் செய். அம்மாவிடம் பேசிக்கொண்டே கேம் மாற்ற நினைத்தால் அம்மாவே கட். இதுதான் ஹலோ சொன்ன டப்பாவின் சரித்திரம். உலகமே அந்தப் போனைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துச் சிரித்தது. கல்யாண வீட்டில் எல்லா வேலையையும் நானே பார்க்கிறேன் என்று ஒருவர் ஓடிக்கொண்டே இருப்பார், கடைசியில் இலையில் உப்பு இருக்காது. அப்படி ஆகிப்போனது.

அட்டையைத் திருப்பித் தருகிறேன் ஐயா. எங்களுக்கு நல்ல மார்க்தான்.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது போன் எங்கேயோ போய்விட்டது" என்பார்கள். போனது உண்மைதான். எதிரணியின் முதல் பேச்சாளர் கணக்கோடு வந்தார். நிண்டெண்டோவின் கையடக்கக் கருவி 3டிஎஸ் 2011 பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு வந்தது, ஆறு மாதம் ஆவதற்குள் 15,000 யென்னுக்கு இறங்கியது, தலைவர் இவாட்டா தன் சம்பளத்தையே பாதியாக்கிக்கொண்டார், எல்லாம் போன் அடித்த அடி என்றார். அடி விழுந்தது. சோனியின் கையடக்கக் கருவி விட்டாவுக்கு அதைவிட பலமாக விழுந்தது. ஆனால் கதையை 2011-லேயே நிறுத்திவிட்டு ஏன் உட்கார்ந்தீர்கள்? உலகத்தில் எல்லார் கையிலும் போன் வந்த பிறகு, 2017 மார்ச்சில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் வந்தது. பதினைந்து கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. பதினைந்து கோடிப் பேர் பையில் போனை வைத்துக்கொண்டேதான் அதை வாங்கினார்கள்.

ஆப்பிளின் ஐபாட் டச்சையும் இழுத்தார். பாட்டுப் பெட்டி விளையாட்டுப் பெட்டியாக மாறியது, 2009-ல் ஆப்பிள் மேடை போட்டு சோனியின் பிஎஸ்பியையும் நிண்டெண்டோவின் டிஎஸ்ஸையும் பக்கத்தில் வைத்து மட்டம் தட்டியது என்றார். ஆமாம், தட்டியது. அந்த ஐபாட் டச் இப்போது எங்கே? 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதைத் தின்றது நாங்களா? உங்கள் போன்தான். கூட நின்று சண்டை போட்டவனையே சாப்பிட்டுவிட்டு எங்களைப் பார்த்து ஏப்பம் விடுகிறீர்கள்.

சரி, போனில் விளையாடுகிற பிள்ளைகளைக் கேளுங்கள். மனிஷ் மார்க்கெட்டில் போய் என்ன வாங்குகிறார்கள்? போனில் மாட்ட ட்ரிகர் பட்டன், கட்டைவிரலுக்கு உறை, சூடு தணிக்க ஒரு குட்டி ஃபேன். போனே போதும் என்றால் விரலுக்கு ஏன் சட்டை போடுகிறீர்கள்? கண்ணாடியில் மேடு பள்ளம் கிடையாது, விரலுக்கு வழி தெரியாது. விரலுக்கு வழி காட்டும் கூட்டல் குறி பட்டனை 1982-லேயே குன்பே யோகோய் என்ற நிண்டெண்டோ பொறியாளர் செய்துவைத்துவிட்டார். நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக்கே பிள்ளையார் சுழி போட்டவர் அவர். புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அதிலிருந்து 1980-ல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்கக் கருவி பிறந்தது. அவர் ஜப்பான் ரயிலில் போனதால் தப்பித்தோம். நம்ம விரார் ஃபாஸ்டில் ஏறியிருந்தால் யார் கையும் வெளியே தெரிந்திருக்காது. நிண்டெண்டோ 1889-ல் ஆரம்பித்தபடி இன்றும் சீட்டுக்கட்டே விற்றுக்கொண்டிருக்கும்.

ரயில் என்றதும் என் நண்பன் ஞாபகம் வருகிறது. டோம்பிவலியிலிருந்து தாதர் வரை போனில் துப்பாக்கிச் சண்டை. ஃபோர்த் சீட்டில் பாதி உடம்பு காற்றில் தொங்க, ஊரையே சுட்டு வீழ்த்தினான். தாதர் பாலத்தில் டிக்கெட் பார்க்கும் டிசி கையை நீட்டினார். டிக்கெட் போனுக்குள், போன் செத்துப்போச்சு. அபராதம் 250 ரூபாய், டிக்கெட் காசு தனி. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் வைத்தால் எல்லாம் ஒன்றாகத்தான் சாகும்.

இப்போது எங்கள் ஆச்சிக்கு வருகிறேன். தங்கை கேட்ட ஹலோவுக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

தொண்ணூறுகளில் சயானில் ஒரு சாலில் இருந்தோம். ஒரே அறை, வெளியே நீள வராந்தா. அப்பா ஒருநாள் குர்லா நடைபாதையில் எனக்கு ஒரு பிரிக் கேம் வாங்கி வந்தார். இங்கே நரை விழுந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். மேலே "9999 கேம்" என்று போட்டிருக்கும். 9998 கேம் எங்கே என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம். எதை அமுக்கினாலும் கட்டம் கட்டமாக மேலேயிருந்து விழும், அவ்வளவுதான். நிண்டெண்டோவின் அசல் கேம் பாய் வாங்க எங்களுக்கு எங்கே வசதி? இரண்டு பென்சில் செல் போட்டால் மாதக்கணக்கில் ஓடும்.

எனக்கு வாங்கியது. என் கையில் இருந்ததோ ஒரு வாரம்தான்! கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஆச்சி அதைச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, பிரிக் கேம். ஆச்சிக்கு எழுத்து வராது, எண் வரும். தீப்பெட்டி ஒட்டிக் கணக்குக் கொடுத்த கை. அந்த விரல் பட்டனில் விழும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஏலே, நீளக்கட்டை வருதாம்லே, தள்ளு" என்பார். நான் கேட்டால், "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு விளையாட்டு எதுக்கு?"

பக்கத்து அறையில் ரத்னகிரிக்கார ஆஜி. மராத்தியில் பாட்டிக்கு ஆஜி. ஆச்சிக்கு மராத்தி தெரியாது, ஆஜிக்குத் தமிழ் தெரியாது. ஒரே குழாயில் வருடக்கணக்கில் தண்ணீர் பிடித்தும் ஒரு பேச்சு கிடையாது. ஒருநாள் ஆஜி எட்டிப்பார்த்தார். ஆச்சி என்ன நினைத்தாரோ, டப்பாவை அப்படியே நீட்டினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது போட்டி. காலையில் ஆச்சி, சாயங்காலம் ஆஜி. ஆச்சி வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு எங்கள் கதவுக்குப் பின்னால் பாயிண்ட் எழுதிவைப்பார். ஆஜி வந்து பார்த்துவிட்டு மறுநாள் அதற்குமேல் அடிப்பார்.

இதில் ஒரு சிக்கல். அந்த டப்பாவில் செல்லைக் கழற்றினால் உள்ளே இருக்கிற அதிகபட்ச பாயிண்ட் அழிந்துவிடும். ஒருநாள் ஆச்சி மலை மாதிரி அடித்துவிட்டார். செல்லோ தீர்கிற நேரம், எழுத்து மங்குகிறது. சுண்ணாம்பில் எழுதினால் ஆஜி நம்புவாரா? சாட்சி வேண்டாமா? "ஏ ஆஜீ! சீக்கிரம் வா, கண்ணு அடையுது!" என்று ஆச்சி வராந்தாவில் ஓடுகிறார், தமிழில். "காய் ஜாலா, காய் ஜாலா?" என்று ஆஜி எதிரே ஓடி வருகிறார், மராத்தியில். மாடியே யாருக்கோ உயிர் போகிறது என்று திரண்டுவிட்டது. மேல் மாடிக்காரர் தண்ணீர்ச் சொம்போடு வந்தார், இன்னொருவர் டாக்டரைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார். நடுவில் இரண்டு கிழவிகள் டப்பாவை வெயிலில் சாய்த்துச் சாய்த்து எண்ணைப் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் ஆஜி ஆச்சி கன்னத்தை வழித்து நெற்றியில் நெட்டி முறித்தார். அதன் பிறகுதான் புதுச் செல் போட விட்டார்கள்.

தங்கை, அந்த டப்பா ஹலோ சொல்லவில்லை. ஆனால் ஆச்சியும் ஆஜியும் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு கோடையில் ஆச்சி கோவில் கொடைக்கு ஊருக்குப் போனார். போகும்போது டப்பாவை ஆஜியிடம் கொடுத்துவிட்டுப் போனார். தந்தி வந்தது. ஆச்சி திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்து நாங்கள் வந்தபோது ஆஜி டப்பாவோடு எங்கள் வாசலில் நின்றார். எழுத்து மங்கியிருந்தது. அப்பா பழக்கத்தில் செல்லை மாற்றக் கை நீட்டினார். ஆஜி அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நக்கோ." உள்ளே இருந்தது ஆச்சி கடைசியாக அடித்த பாயிண்ட். அதற்கு மேல் அடிக்க ஆஜியால் முடிந்திருக்கும், அவர் அடிக்கவில்லை. டப்பாவைத் தன் சாமி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

இதில் தர்க்கம் எங்கே என்று எதிரணி எழுதிக்கொண்டிருக்கிறது, எழுதட்டும். ஸ்கோரெல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கும் என்பார்கள். இருக்கட்டும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரு நிமிடம் ஐயா, ஒரே ஒரு நிமிடம்.

தங்கை, உங்கள் போனை லாக் எடுத்து, முன் வரிசையில் உங்களுக்குத் தெரியாத அந்த அம்மாவிடம் கொடுங்கள். விளையாடிவிட்டு அரை மணி நேரத்தில் திருப்பித் தருவார். உள்ளே உங்கள் மெசேஜ் இருக்கும், பேங்க் இருக்கும், ஓடிபி இருக்கும், பரவாயில்லை. கொடுத்துவிட்டால் நான் இப்போதே வந்து உங்கள் அணியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நடுவர் ஐயா, அந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்கள். போன் பைக்குள் போய்விட்டது, ஜிப்பும் போட்டாகிவிட்டது! நன்றி, வணக்கம்.